கொடி நாளுக்காக ஒரு மேசைப் போர்: உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். டிசம்பர் 7 படைவீரர் கொடி நாளுக்கு முந்தைய ஞாயிறன்று, கிருஷ்ணகிரியில் மேசைப் போர் விளையாட்டும் கேக் விற்பனையும் நடத்துகிறோம். வசூல் முழுவதும் கொடி நாள் நிதிக்கே.

களம் நம் மலைக்கோட்டைதான். 1791இல் திப்பு சுல்தானின் படை காத்து நின்ற இந்தக் கோட்டையை ஆங்கிலேயர் ஏறிப் பிடிக்கப் பார்த்து, முடியாமல் இறங்கினார்களே, அந்தச் சண்டை. பொம்மை வீரர்களை அளவுநாடா வைத்து நகர்த்த வேண்டும். சுட்டது பட்டதா என்பதைப் பகடை சொல்லும். தெர்மாகோல் மலை தயார். (லட்டுக் குவியல் போலிருக்கிறது என்கிறாள் மகள்.)

ஆடாத நீள மேசைகள் இரண்டு வேண்டும். ஆடினால் திப்புவின் படை மொத்தமும் தரையில் கிடக்கும்! கேழ்வரகு கேக், முட்டையில்லாத கேக் செய்து தருவோர் சொல்லுங்கள். வசூலை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முறைப்படி செலுத்திய அனுபவம் யாருக்காவது உண்டா? முன் அனுமதி வாங்க வேண்டுமா?