மூணு பெயிண்டர், மூணு அளவு: வேலை கொடுக்கும் முன் என்ன கேட்கணும்?

காவிரிக்கரை:
வணக்கம். திருச்சியில் 12 வருஷப் பழைய வீடு, உள்ளளவு 900 சதுர அடி. உள்பக்கம் முழுக்க பெயிண்ட் அடிக்கணும், கதவு, ஜன்னல் கிரில் உட்பட. மூணு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் 3,000 சதுர அடி வரும் என்கிறார், அடுத்தவர் 3,400, இன்னொருவர் 4,100. ரேட் குறைத்துச் சொன்னவர்தான் 4,100 சொன்னவர். பாத்ரூமை ஒட்டின ஹால் சுவரில் தரையிலிருந்து ரெண்டடி உயரத்துக்கு பெயிண்ட் பொரிந்து உப்பு பூத்திருக்கிறது. "பட்டி பார்த்துட்டா சரியாயிடும்" (பட்டி என்றால் சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு) என்று மூணு பேருமே சொல்கிறார்கள். யாரிடம் என்ன கேட்டு முடிவு செய்வது? பொங்கலுக்குள் முடிக்க ஆசை.

ரசமட்டம்:
ரேட்டை அப்புறம் பேசலாம், முதலில் டேப்பை எடுங்கள். 10க்கு 12 அறை, உயரம் 10 என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி, சீலிங் 120, ஆக 560. கதவு (3க்கு 7) 21, ஜன்னல் (4க்கு 4) 16. இதைக் கழித்தால் 523. ஒரே அறையில் 37 சதுர அடி வித்தியாசம். கதவு ஜன்னலைக் கழிக்காத பழக்கமும் உண்டு, தப்பில்லை. ஆனால் அப்படிக் கழிக்காதவர், ஜன்னலைச் சுற்றி உள்ளே மடங்கும் சுவரைத் தனியாக ஏற்றக்கூடாது. பாத்ரூமில் 7 அடி வரை டைல்ஸ் இருந்தால் அதற்கு மேலே உள்ளதுதான் கணக்கு. கிச்சன் மேடை டைல்ஸும் அப்படித்தான்.

குத்துமதிப்பாக, வீட்டின் உள்ளளவை மூன்றரையால் பெருக்கினால் சுவரும் சீலிங்கும் சேர்ந்து வரும். உங்களுக்கு 3,150. எனவே 3,000, 3,400 ரெண்டும் நம்பும்படியான அளவு. 4,100 சொன்னவர் கதவையும் கிரில்லையும் ரெண்டு பக்கம் அளந்து இதிலேயே சேர்த்திருப்பார். கேளுங்கள். சேர்த்திருந்தால் கதவு, கிரில்லுக்கான எனாமல் வேலையும் சுவருக்கான எமல்ஷன் வேலையும் ஒரே ரேட்டா என்று அடுத்த கேள்வி.

அதற்கப்புறம் ரேட். "சதுர அடிக்கு இவ்வளவு" என்றால் எதற்கு? சுரண்டல் உண்டா, பட்டி எத்தனை கை (எத்தனை தடவை), பிரைமர் (பெயிண்ட்டுக்கு முந்தின அடிப்பூச்சு) எத்தனை கோட், பெயிண்ட் எத்தனை கோட், சாமான் நகர்த்துவதும் தரைக்கு விரிப்பும் யார் பொறுப்பு. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி மூணு பேரிடமும் அதே தாளுக்கு ரேட் கேளுங்கள். சுரண்டலும் ரெண்டு கை பட்டியும் சேர்த்துச் சொன்ன ரேட்டையும், டச்சப் பட்டியும் (குறையுள்ள இடத்தில் மட்டும் போடுவது) ஒரு கோட்டும் மட்டும் போட்டுச் சொன்ன ரேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

உப்புத்தாள்:
நான் கேட்கிற முதல் கேள்வி: "பழைய பெயிண்ட் மேல எந்தப் பட்டி போடுவீங்க?" ஒயிட் சிமெண்ட் பட்டி சிமெண்ட் பூச்சோடுதான் பிடிக்கும். பழைய எமல்ஷன் மேல் அப்படியே இழுத்தால் சில மாதத்தில் தகடு தகடாகக் கழன்று வரும். ஒன்று சுத்தமாகச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பட்டி, இல்லையென்றால் பழைய பெயிண்ட் உறுதியாக இருக்கும் இடத்தில் உப்புத்தாள் தேய்த்து அக்ரிலிக் பட்டியால் டச்சப். உறுதியா என்று பார்க்க, சுவரில் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மேலே செல்லோ டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால் சுரண்டித்தான் ஆகணும். உள்ளங்கையால் தேய்த்து மாவு ஒட்டினால் அது டிஸ்டெம்பரோ சுண்ணாம்போ, அதுவும் போகணும்.

சிமெண்ட் பட்டி போடும் நாளில் சுவரை நனைக்கிறார்களா என்று பாருங்கள். காய்ந்த சுவர் பட்டியிலுள்ள தண்ணீரைக் குடித்துவிடும், பட்டி இறுகாமல் மாவாகவே நிற்கும். 10 கிலோ பவுடருக்கு நாலு லிட்டருக்குள் தண்ணீர். கலந்ததை ரெண்டு மூணு மணி நேரத்தில் தீர்க்கணும், இறுகினதில் தண்ணீர் விட்டு மறுபடி கிண்டக்கூடாது. ரெண்டு கையும் சேர்த்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் வெடிக்கும். பள்ளத்தைப் பட்டியால் நிரப்புவது கொத்தனார் வேலையை பெயிண்டர் தலையில் கட்டுவது.

மேலே சொன்ன 560 சதுர அடி அறைக்கு, சுவர் ஓரளவு சமமாக இருந்தால், ரெண்டு கைக்கு 40 கிலோ மூட்டை ஒன்று போகும். வீடு முழுக்க ரெண்டு மூட்டை போதும் என்பவர் டச்சப் மட்டும்தான் செய்யப்போகிறார். அதுவே போதுமென்றால் சரி, ரேட்டும் அதற்குத் தக்கபடி இருக்கணும்.

உப்புத்தாள் தேய்த்த தூசியைத் துடைக்காமல் பிரைமர் அடித்தால் பிரைமர் தூசியில் ஒட்டும், சுவரில் ஒட்டாது. பிரைமரில் எவ்வளவு தண்ணீர் என்பது டப்பாவிலேயே இருக்கும். அளவு மக் வைத்துக் கலக்கச் சொல்லுங்கள். அதிகம் ஏமாற்றம் நடக்கிற இடம் இதுதான், பார்வைக்குத் தெரியவே தெரியாது.

ஓதம்:
அந்த ஹால் சுவருக்குப் பட்டி போட்டால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. முதலில் ஈரம் எங்கிருந்து என்று பாருங்க. உப்பில்லாத இடமாப் பார்த்து, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்க. சுவர்ப்பக்கம் நீர்முத்து நின்றால் ஈரம் சுவருக்குள்ளே இருக்கு. பிளம்பரை வரவைத்து உள்குழாய்க்குப் பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. அதில் குறையில்லை என்றால் பாத்ரூம் டைல்ஸ் இடுக்கையும், தண்ணீர் போகும் தரை ஜாலியைச் சுற்றின இடத்தையும் பாருங்க.

கசிவை அடைத்த பிறகு, ஈரக்கறை தெரியும் உயரத்துக்கு மேல் ஒரு அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, வாட்டர் புரூஃபிங் கலந்து புதுப் பூச்சு. உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளுங்க, கழுவாதீங்க. கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். புதுப் பூச்சு குறைந்தது 28 நாள் காயணும். அதனால் பொங்கலுக்கு அந்தச் சுவர் ஆகாது. "இந்தச் சுவர் தனி, தை கடைசியில்" என்று இப்போதே எழுதி வாங்கிக்கோங்க. மார்கழியில் எல்லாப் பெயிண்டரும் நாலு வீட்டை ஒன்றாகப் பிடித்திருப்பாங்க, தினம் எத்தனை ஆள் வருவாங்க என்பதையும் கேளுங்க.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி. கேட்டுவிட்டேன், 4,100ல் கதவும் கிரில்லும் ரெண்டு பக்கமும் இருக்கிறது. பெயிண்ட்டை நானே வாங்கவா, பெயிண்டரிடமே விடவா?

ரசமட்டம்:
நீங்களே வாங்குங்கள். அந்த 3,150ல் சீலிங் 900 போனால் சுவர் 2,250 சதுர அடி. நல்ல உள்சுவர் எமல்ஷன் பிரைமர் அடித்த சமமான சுவரில் ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 140 சதுர அடி வரும். ஆக 16 லிட்டர். ஒரே கலர் என்றால் 20 லிட்டர் பக்கெட் ஒன்று, மிச்சத்தை மூடி வைத்தால் பின்னால் கறைக்கு உதவும். பல பக்கெட் வாங்கினால் பேட்ச் நம்பர் ஒன்றாக இருக்கட்டும், பில்லில் ஷேடு நம்பரும் எழுதி வாங்குங்கள். நிறைய கம்பெனிகள் பெயிண்டருக்கென்று பக்கெட்டில் டோக்கனோ ஸ்கேன் பாயிண்டோ வைக்கின்றன. ஒரு பிராண்டையே அழுத்திச் சொன்னால் அதுவும் காரணமாக இருக்கலாம். டோக்கன் அவருக்கே போகட்டும், சீல் மட்டும் உங்கள் முன்னால் உடையட்டும்.

உப்புத்தாள்:
கதவு விஷயம் ஒன்று. பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற 2016 விதி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கதவின் பழைய எனாமல் அதற்கு முந்தையது. வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம், அன்று குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே வேண்டாம். கிரில்லில் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர், மறுநாள் எனாமல், அடுத்த கோட்டுக்கு ஒரு ராத்திரி இடைவெளி.

பணத்தைப் பட்டி, பிரைமர், முதல் கோட், முடிவு என்று நாலாகப் பிரித்துக் கொடுங்கள். பட்டிக்கான பணம் கொடுக்கும் முன், ராத்திரி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேடு, பள்ளம், பட்டித் தகடு இழுத்த கோடு எல்லாம் நிழலாகத் தெரியும். தெரிகிற இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள், காலையில் அங்கே மட்டும் தேய்த்தால் போதும்.