பக்கத்து வீடு எரிந்ததைப் பார்த்த பயம் போகவில்லை: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் இலங்கையில், திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். போன மாதம் இரண்டு வீடு தள்ளி ஒரு வீடு தீப்பற்றியது. உயிர்ச்சேதம் இல்லை; முருகன் புண்ணியம். ஆனால் கூரைச் சீற்று வெடித்த சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

படுக்கப் போகுமுன் குசினிக்குப் போய் எரிவாயு சிலிண்டரை மூடியிருக்கிறேனா என்று பார்க்கிறேன். படுத்த பிறகு மறுபடியும் எழும்புகிறேன். அயலில் யாரேனும் குப்பை கொளுத்தினால் நெஞ்சு படபடக்கிறது. 2021 கடைசியில் நாடெங்கும் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகளெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. அம்மா நூல் கட்டுவிக்கச் சொன்னார், கட்டினேன். அவருக்கு நிம்மதி, எனக்கு நித்திரை இல்லை.

மகளுக்கு ஏழு வயது. அவளும் ஜன்னலால் பார்த்துவிட்டாள். சாமி விளக்கு ஏற்றினாலே அறையை விட்டு ஓடுகிறாள். அவளிடம் அதைப் பற்றிப் பேசுவதா, பேசாமல் விடுவதா?

இப்படியான பயம் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும், ஒரு மாதம் தாண்டினால் வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்று வாசித்தேன். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குத் தமிழில் பேசியவர்கள் இருக்கிறீர்களா? திருகோணமலையில் சிறுவர்களோடு பொறுமையாகப் பேசும் உளவள ஆலோசகர் யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். "மறந்துவிடு" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.