பேச்சும் மிருதங்கமும் ஒன்றாக: மைக் எங்கே வைப்பது?

கும்பகோணத்தில் ஒரு மிருதங்க வித்வானோடு உரையாடல் பதிவு, மூன்று வாரமாக நடக்கிறது. சொல்கட்டை (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) சொல்லிக்கொண்டே வாசித்துக் காட்டுவார், அங்கேதான் சிக்கல். 'நம்' என்ற அடி விழும்போது சட்டையில் மாட்டிய காலர் மைக்கில் ஒலி கிழிகிறது. கெயினை (பதிவாகும் ஒலியின் அளவு) குறைத்தால் பேச்சின் அடியில் இரைச்சல். உச்ச ஒலியை அடக்கும் லிமிட்டர் போட்டால் தொப்பியின் (இடப்பக்கத் தோல்) வளைந்தெழும் கும்கி நாதம் அமுங்குகிறது. அது போனால் பேட்டியே வீண்.

மூன்றடி தள்ளி இன்னொரு மைக் வைத்தேன். இரண்டு டிராக்கையும் கலந்தால் குழாய்க்குள் வாசித்த மாதிரி இருக்கிறது. ஒன்றைச் சுமார் 1 மில்லிசெகண்ட் நகர்த்தினேன்: வலந்தலை (வலப்பக்கத் தோல்) சரியானது, தொப்பி ஒட்டவில்லை.

இரண்டு சேனல் ரெக்கார்டர், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஓட்டு வீடு, சிமென்ட் தரை. பேச்சையும் வாசிப்பையும் தனித்தனியாக எடுக்க முடியாது, சொல்லும் விரலும் பிரிந்துவிடும்.

மிருதங்கம் குறைவாக விழும்படி, பேச்சுக்கு எந்த வகை மைக்கை எங்கே வைப்பது?