டியூன்2எஃப்எஸ் உதவிக்குறிப்பு: 'ஒதுக்கிய கட்டம்' சரியா?

வணக்கம்.

லினக்ஸில் ஈஎக்ஸ்டி வகைக் கோப்பு முறைமையின் அமைப்புகளை மாற்றும் கட்டளை டியூன்2எஃப்எஸ். அதன் தமிழ் உதவிக்குறிப்பின் வரைவில் 'ரிசர்வ்டு பிளாக்' என்பதை 'ஒதுக்கிய கட்டம்' என்று போட்டிருக்கிறோம். (வட்டு இடத்தின் சிறு அலகான பிளாக்கைத் தொகுதி என்றும் எழுதலாம்தான். ஆனால் இங்கே தொகுதி என்றால் வேட்பாளர் யார் என்று கேட்பார்கள். கட்டமே இருக்கட்டும்.) சிக்கல் 'ஒதுக்கிய'வில். 'அலொகேஷன்' என்பதற்கு ஒதுக்கீடு என்று முன்பே எழுதிவிட்டோம். அப்படியானால் ஒதுக்கிய கட்டம் என்பது கோப்பு குடியேறிவிட்ட கட்டம். நாம் சொல்லவந்ததோ காலியாகக் கிடந்தும் சாதாரணப் பயனருக்குக் கிடைக்காத கட்டம்.

சூடோ டியூன்2எஃப்எஸ் -எல் /டெவ்/எஸ்டிபி1 என்று கொடுத்துப் பாருங்கள் (எல் சிற்றெழுத்து; சூடோ நிர்வாகி உரிமைக்கு, /டெவ்/எஸ்டிபி1 வட்டுப் பகிர்வின் பெயர்). மொத்தக் கட்டம், இந்த ரிசர்வ்டு, காலிக் கட்டம் மூன்றும் அருகருகே வரும். காலிக் கட்டக் கணக்குக்குள் ரிசர்வ்டும் அடக்கம். வட்டு இடத்தைக் கணக்கிடும் டிஎஃப் கட்டளையோ 'கிடைப்பது' என்ற நெடுவரிசையில் அதைக் கழித்துவிட்டுக் காட்டும். அதனால்தான் பயன்பட்டதையும் கிடைப்பதையும் கூட்டினால் மொத்தம் வருவதில்லை. இயல்பாக 5 விழுக்காடு பிடிபடும். 1 டிபி வட்டில், டிஎஃப் -எச் (சிற்றெழுத்து) கணக்கில், சுமார் 46 ஜிபி. 'ஒதுக்கிய' என்று படிப்பவர் அந்த 46 ஜிபியில் ஏதோ கோப்பு ஒளிந்திருக்கிறது என்று தேடப் போவார்.

'காப்பிருப்பு' எப்படி?

– மஞ்சக்குப்பம், கடலூர்

---

தோழர், ஒதுக்கிய வேண்டாம் என்பதில் உடன்பாடு. காப்பிருப்பில் இல்லை.

பேக்கப்புக்குக் காப்புப்பிரதி, காப்புநகல் என்று பலரும் எழுதுகிறார்கள். 'காப்பிருப்பு 5%' என்றால் வட்டிலேயே பிரதி எடுத்து வைத்திருப்பதாக நம்பிவிடுவார்கள். வட்டு செத்த பிறகுதான் உண்மை தெரியும். இருப்பும் சரியில்லை: ரேஷன் கடைப் பலகையில் இருப்பு என்றால் வாங்கிக்கொள்ளலாம் என்று பொருள். இதை ரூட் எனும் நிர்வாகியைத் தவிர யாரும் வாங்க முடியாது.

இன்னொன்று. அதே -எல் வெளியீட்டில் 'ரிசர்வ்டு ஜிடிடி பிளாக்ஸ்' என்று ஒரு வரி வரும். அது காலி இடமே இல்லை. பின்னால் கோப்பு முறைமையைப் பெரிதாக்கும்போது குழு விவரிப்பு அட்டவணை (ஜிடிடி; கட்டக் குழுக்களின் விவரப் பட்டியல்) வளர்வதற்காக விட்டிருக்கும் கட்டங்கள். ஐநோடு எனும் கோப்பு விவரப் பதிவுகளில் 1 முதல் 10 வரையும் ரிசர்வ்டு. அவற்றில் 2 மூல அடைவு, 8 ஜர்னல் எனும் மாற்றப் பதிவேடு. அதுபோக, லினக்ஸ் கருனியின் (கெர்னல்) ஈஎக்ஸ்டி4 பகுதி தன் உள்வேலைக்கு 2 விழுக்காடு அல்லது 4096 கிளஸ்டர் (கட்டக் கொத்து), இதில் எது குறைவோ அதைத் தனியாகப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலம் நாலுக்கும் ஒரே சொல்லைப் போட்டது அதன் சோம்பல். நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

'பிடித்துவைத்த கட்டம்' என்பது என் முன்மொழிவு. சம்பளப் பிடித்தம் எல்லாருக்கும் தெரியும்: பணம் உங்களுடையதுதான், கைக்கு வராது.

– முத்தியால்பேட்டை, புதுச்சேரி

---

பிடித்துவைத்த கட்டம் நன்றாக இருக்கிறது. தொடரில் வைத்துப் பார்த்தேன். 'பிடித்துவைத்த கட்டங்களின் விழுக்காடு 1% ஆக்கப்படுகிறது' என்று தடையில்லாமல் வருகிறது. ஜிடிடிக்கு 'வளர்ச்சிக்கு விட்ட கட்டங்கள்', ஐநோடுக்கு 'முறைமை ஐநோடுகள்' என்று பிரித்துவிடலாம். கருனி பிடிப்பது இந்தக் குறிப்பில் வராது, விடுங்கள்.

விளக்கப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

'படம், காப்புப்பிரதி மட்டும் வைக்கும் வட்டானால் சூடோ டியூன்2எஃப்எஸ் -எம் 1 /டெவ்/எஸ்டிபி1 போதும். வட்டை ஏற்றிய (மவுண்ட்) நிலையிலேயே செய்யலாம். டிஎஃப் உடனே கூடுதல் இடம் காட்டும். 0.5 போன்ற பின்னமும் ஏற்கும், உச்சவரம்பு 50. எம் சிற்றெழுத்தாக இருக்கட்டும். பேரெழுத்தைப் போட்டால் "கடைசியாக ஏற்றிய அடைவு" என்ற குறிப்பில் 1 என்று எழுதிவிட்டுப் போய்விடும், விழுக்காடு மாறாது. பகிர்வு எண்ணை விட்டு /டெவ்/எஸ்டிபி என்று கொடுத்தாலோ, வட்டு எக்ஸ்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் வகையாக இருந்தாலோ, சூப்பர் பிளாக்கில் (கோப்பு முறைமையின் தலைமைக் கட்டம்) மாய எண் (வகையைக் காட்டும் அடையாள எண்) தவறு என்று மறுத்துவிடும். இயங்குதளம் இருக்கும் மூலப் பகிர்வில் 5 விழுக்காட்டைத் தொடாதீர்கள். பயனர் கோப்புகள் வட்டை நிரப்பினாலும் ரூட் உரிமையில் ஓடும் பதிவுச் (லாக்) சேவைகள் தொடர்ந்து எழுத அதுதான் இடம். வட்டு விளிம்புவரை நிரம்பினால் கோப்புகள் துண்டுதுண்டாகச் சிதறுவதையும் அது குறைக்கும்.'

வட்டுப்பெயர் பத்தியில் (இதற்கான தேர்வு -எல், பேரெழுத்து) எடுத்துக்காட்டாகக் 'கடலூர்' வைத்திருந்தோம். எடுத்துவிட்டேன். பெயருக்கு இடம் 16 பைட். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி ஆக 18. எச்சரித்துவிட்டு வெட்டிவிடும், கடைசிக் குறி உடைந்து பெட்டியாகத் தெரியும். உங்கள் 'புதுவை'யும் 18தான், தோழர். 'கடல்' 12இல் அடங்குகிறது. அதையே போட்டிருக்கிறேன்.

– மஞ்சக்குப்பம், கடலூர்