புதுப்பிப்பு: செலவாகாமல் தேங்கிய சிடிபிஜி மானியம்

அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் நகர நிர்வாகத்தில், ஹட் துறை (மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை) தரும் சிடிபிஜி என்ற சமூக மேம்பாட்டு மானியம் செலவாகாமல் குவிகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். திட்ட ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது, எடுக்காத பணம் ஓர் ஆண்டு மானியத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. இந்தத் தடவை அந்த வரம்புக்குள் வந்துவிட்டோம்!

மிச்சத்தைச் சமூக சேவைகளுக்குக் கொடுத்துவிடலாமே என்று சிலர் சொன்னீர்கள். அதற்கு 15 சதவீத உச்சவரம்பு இருக்கிறது, அதனால் முடியவில்லை. நகராத ஒரு திட்டத்தின் பணத்தை, வருமானம் குறைந்தவர்களின் வீட்டுப் பழுதுபார்ப்புக்கு மாற்றினோம், அதற்கே மக்கள் கருத்துக்கு 30 நாள் விட வேண்டியிருந்தது.

பெரிய தலைவலி, திட்டத்தைத் தொடங்கும் முன்பே முடிக்க வேண்டிய சுற்றுச்சூழல் ஆய்வுதான். எங்களிடம் மானியம் கேட்டிருந்த ஒரு தொண்டு நிறுவனம், ஆய்வு முடியும் முன்பே தன் சொந்தப் பணத்தில் ஒரு கட்டடத்தை வாங்கப் போனது. மானியப் பணத்தைத் தொடாவிட்டாலும் அப்படி வாங்கியிருந்தால் அந்தத் திட்டத்துக்கு மானியமே கிடைக்காமல் போயிருக்கும், நல்லவேளை கையெழுத்துக்கு முன்னால் தடுத்துவிட்டோம். இந்த விதியை விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட வேண்டும், அது ஏன் எல்லா ஊரிலும் கடைசிப் பக்கத்தில் கிடக்கிறது என்று எனக்குக் கோபமாகவே வருகிறது.

அப்புறம், திட்ட ஆண்டு முடிந்த 90 நாளுக்குள் ஹட் துறைக்குச் செயல்பாட்டு அறிக்கை போக வேண்டும். துணைப் பயனாளி நிறுவனங்களை (எங்களிடம் மானியம் வாங்கித் திட்டங்களை நடத்துபவை) நேரில் போய்ச் சரிபார்க்க நல்ல படிவம் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள்.