புதுப்பிப்பு: மொட்டை மாடியில் சோலார் ஏறியாச்சு

மதுரை வீட்டில் 3 கிலோவாட் ஆன்-கிரிட் (மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும்) சோலார் போடலாமா, தண்ணீர்த் தொட்டியின் நிழல் கெடுக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். போட்டாச்சு, நன்றாகவே ஓடுகிறது.

நிழல்தான் பெரிய விஷயம். பேனல்கள் தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றின் மூலையில் நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் அடி வாங்கலாம். அதனால் தொட்டிப் பக்கத்தை விட்டுவிட்டு, ஆளுயரத்துக்கு ஸ்டாண்டு அடித்து, தெற்கு பார்த்துச் சாய்த்தோம். கீழே நடமாட இடம் இருக்கிறது. வடகம் காயவைக்க வெயில் போச்சே என்று அம்மாவுக்குத்தான் குறை.

நல்ல வெயில் நாளில் 12 யூனிட் அளவுக்கு வருகிறது. அக்னி நட்சத்திரத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பேனல் சூடாக ஆக உற்பத்தி குறையும்.

கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் மேல் மின்சாரம் பாயாமலிருக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பழைய பேட்டரி இன்வெர்ட்டரை விற்றுவிடாதீர்கள்.

இழுத்தடித்தது இருவழி மீட்டர்தான் (நாம் வாங்கும் யூனிட்டையும் வெளியே அனுப்பும் யூனிட்டையும் தனித்தனியாகக் கணக்கிடுவது). அது வரும்வரை சோலாரை ஆன் செய்யவில்லை. சில சாதாரண டிஜிட்டல் மீட்டர்கள் வெளியே போகும் யூனிட்டையும் நம் செலவுக் கணக்கில் ஏற்றிவிடும்!

மானியம் பற்றிக் கேட்டவர்களுக்கு: வீட்டு சோலாருக்கான மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். முழுத் தொகையையும் நாம் முதலில் கட்ட வேண்டும். மீட்டர் மாட்டிய பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். எனக்கு இன்னும் வரவில்லை.