புதுப்பிப்பு: மூன்று வருட மலச்சிக்கலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது

இசப்கோல், கடுக்காய்ப் பொடி, தண்ணீர், கீரை எல்லாம் பார்த்தாச்சு, அரைமணி நேரம் முக்கினாலும் பாதி உள்ளேயே நிற்கிற மாதிரி இருக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன் இல்லையா. காரணம் சாப்பாடு இல்லை, இடுப்புத்தளத் தசை, அதாவது இடுப்புக்கு அடியில் மலக்குடலையும் ஆசனவாயையும் தாங்கிப் பிடிக்கும் தசை.

மருத்துவர் விரலால் பரிசோதிக்கும்போது "முக்குங்க" என்றார், நான் முக்க முக்க ஆசனவாய் தளராமல் அவர் விரலை இறுக்கிப் பிடித்தது. அப்புறம் மேனோமெட்ரி என்று ஆசனவாய்த் தசையின் அழுத்தத்தை அளக்கும் சோதனை, கூடவே 50 மில்லி தண்ணீர் நிரப்பிய சின்ன பலூனை உள்ளே வைத்து வெளியே தள்ளச் சொன்னார்கள். ஒரு நிமிடத்தில் வந்திருக்க வேண்டும், எனக்கு வரவே இல்லை. மலக்குடலைக் கவண் வார் மாதிரி சுற்றிப் பிடித்திருக்கும் தசை மலம் கழிக்கும்போது தளர வேண்டும், எனக்கு அது இறுகுகிறது.

இதற்குப் பேதி மாத்திரை மட்டும் போதாது, பயோஃபீட்பேக் என்று ஒரு பயிற்சி இருக்கிறது. சென்சார் வைத்து, திரையில் தசை இறுக்கத்தைக் காட்டும் கோடு இறங்குவதைப் பார்த்துப் பார்த்தே தசையைத் தளர்த்தப் பழகுகிறேன். நான்கு முறை போயாச்சு. வீட்டில் காலுக்கு முக்காலி, வயிறு உப்ப மெதுவாக மூச்சு.

கீகல் செய்யச் சொன்னவர்களே, அது இடுப்புத்தளத் தசையை இறுக்கும் பயிற்சி, எனக்கு வேண்டியது நேரெதிர்.

நேற்று முக்காமலே போனது. அழுகையே வந்துவிட்டது.